ஒரு ஷார்ட்ஸ்டாப்பின் கணக்கைப் படிப்பது எப்படி?

பேஸ்பாலுக்குப் புதிதாக வருபவர்களின் கண் முதலில் பந்தை வீசும் பிட்சரிடமும் மட்டையோடு நிற்கும் பேட்டரிடமும்தான் போகும். கொஞ்ச நாள் அப்படியே பார்க்கலாம், தப்பில்லை. ஆட்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை இது: களத்தில் நின்று பந்தைத் தடுக்கும் ஃபீல்டர்களில் ஒருவரான ஷார்ட்ஸ்டாப் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்த நாளிலிருந்து விடைபெற்ற நாள் வரை முழுசாகப் படியுங்கள். வீரர்களை எப்படிப் பொறுக்குகிறார்கள், எங்கே வைத்துப் பழக்குகிறார்கள், சம்பளம் எப்போது ஏறுகிறது, தோளும் காலும் தளர ஆரம்பித்தால் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒருவரின் கதைக்குள்ளேயே வந்துவிடும்.

படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்: இவர் எத்தனை ஆண்டு அந்த இடத்தில் நிலைத்து நின்றார்? ஷார்ட்ஸ்டாப்பாக ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் ஷார்ட்ஸ்டாப்பாக முடிப்பதில்லை. மற்ற எல்லாக் கணக்கையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் தெரியும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஆஸி ஸ்மித். 1978 முதல் 1996 வரை 19 சீசன் ஆடியவர். முதல் நான்கு சான் டியேகோ பாட்ரெஸ் அணியில், மீதி பதினைந்தும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில். ஷார்ட்ஸ்டாப்பாக மட்டும் 2,511 ஆட்டங்கள்.

முதலில், அவர் நிற்கும் இடம்

டிவியில் பிட்சருக்குப் பின்னாலிருந்து காட்டும் கோணத்தை மறந்துவிட்டு, பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். அடித்தவர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள்: வலது பக்கம் முதல் பேஸ், நேர் எதிரே இரண்டாவது, இடது பக்கம் மூன்றாவது. ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி, அதாவது 27 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், மண்தரை முடிந்து புல் தொடங்கும் விளிம்புக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். அவருக்கென்று ஒரு பேஸ் கிடையாது. காக்க வேண்டிய பரப்பு மட்டும் பெரிது.

இந்த இடம் ஏன் கடினம் என்பதற்குக் காரணம் நேரம். வலது கை பேட்டர்கள் பந்தை இழுத்து அடித்தால் அது அநேகமாக இவர் பக்கம்தான் வரும். அடித்த கையோடு பேட்டர் முதல் பேஸுக்கு ஓடுகிறார். சராசரி வலது கை பேட்டருக்கு அந்த ஓட்டம் நாலேகால் நொடி போலத்தான். அதற்குள் இவர் தரையோடு வரும் பந்தை எட்டிப் பிடித்து, கையுறையிலிருந்து எடுத்து, ஆடுகளத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிந்தாக வேண்டும். மூன்றாவது பேஸ் பக்கமாக ஓடிப் பந்தை எடுத்தால் எறிய வேண்டிய தூரம் 35 மீட்டரைத் தாண்டும், அதுவும் உடல் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது. வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீகின் ஷார்ட்ஸ்டாப்கள் எல்லாரும் வலது கையால் எறிபவர்களாக இருப்பதும் இதனால்தான். இடது கைக்காரர் உடலை முழுக்கத் திருப்பிவிட்டுத்தான் எறிய முடியும், அந்த நேரத்துக்குள் ரன்னர் பேஸைத் தொட்டுவிடுவார்.

ஸ்கோர் எழுதும்போது ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6. ‘6-3’ என்று எழுதியிருந்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸ்மேனுக்கு எறிந்து அவுட். ‘6-4-3’ என்றால் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ்மேன், முதல் பேஸ்மேன் என்று பந்து கைமாறி ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். இதுதான் டபுள் ப்ளே. முதல் வாரத்தில் இந்த இரண்டையும் மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

பந்து வருவதற்கு முன் காலைப் பாருங்கள்

ஒரு முழு இன்னிங்ஸ், பந்தைப் பார்க்காமல் ஷார்ட்ஸ்டாப்பின் காலை மட்டும் பாருங்கள். திரையில் தெரியாவிட்டால் யூடியூபில் மைதானத்தின் மேல் வரிசையிலிருந்து எடுத்த பதிவுகள் கிடைக்கும். பிட்சர் கையைத் தூக்கும்போது இவர் இரண்டு சின்ன அடி முன்னே வருவார். பந்து பேட்டரை எட்டும் நேரத்தில் மெல்லக் குதித்து, இரு காலையும் பரப்பித் தரையில் இறங்குவார். எந்தப் பக்கமும் உடனே கிளம்பத் தோதான நிலை அது. அதற்கு முன்பே ஒரு பக்கம் அரை அடி நகர்ந்திருப்பார். வரப்போவது வேகப்பந்தா வளைபந்தா, எந்த மூலைக்கு என்று, பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பிட்சருக்குக் காட்டும் சைகை அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியும். இந்தப் பேட்டருக்கு அந்தப் பந்து போட்டால் எங்கே அடிப்பார் என்று கணித்து நகர்வார். 2022-இலிருந்து சைகைக்குப் பதில் பிட்ச்காம் என்ற கருவியைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஃபீல்டர்களில் மூன்று பேர் வரை அதைக் காதருகே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி.

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கால் ரிப்கன் இதில் மன்னன். ஆறடி நாலங்குல உயரம், ஓட்டத்தில் மின்னல் கிடையாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஷார்ட்ஸ்டாப் ஆட முடியாது என்று பலரும் நினைத்த காலத்தில், மேனேஜர் எர்ல் வீவர் 1982-இல் அவரை மூன்றாவது பேஸிலிருந்து எடுத்து அங்கே நிறுத்தினார். எங்கே நிற்பது என்ற கணிப்பிலேயே ரிப்கன் பாதி வேலையை முடித்துவிடுவார். 1990-இல் 161 ஆட்டங்களில் மூன்றே மூன்று எரர், அதாவது ஃபீல்டிங் தவறு.

ஸ்மித்தின் வழி வேறு, அவரிடம் கணிப்போடு உடம்பும் இருந்தது. 1978 ஏப்ரல் 20, அவருடைய முதல் மாதம், எதிரணி அட்லாண்டா பிரேவ்ஸ். ஜெஃப் பரோஸ் நடுவில் இரண்டாவது பேஸை நோக்கி அடிக்கிறார். ஸ்மித் இடது பக்கம் பாய்கிறார். பாய்ந்த உடம்பு காற்றில் இருக்கும்போது பந்து தரையில் தப்பாகக் குதித்து அவருக்குப் பின்னால் திரும்புகிறது. கையுறை போட்ட இடது கை முன்னே நீண்டிருக்கிறது, அதைத் திருப்ப நேரமில்லை. வெறும் வலது கை பின்னால் போய்ப் பந்தைப் பிடிக்கிறது. விழுந்த வேகத்திலேயே எழுந்து முதல் பேஸுக்கு எறிகிறார், பரோஸ் அவுட். இந்தப் பதிவு இணையத்தில் இருக்கிறது. முதலில் சாதாரண வேகத்தில் பாருங்கள், பிறகு மெதுவாக ஓட்டி வலது கை எப்போது திசை மாறுகிறது என்று கவனியுங்கள். இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

வந்த வழி

அடுத்து, அவர் மேஜர் லீகுக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள். பேஸ்பாலில் இது வீரருக்கு வீரர் பெரிதும் மாறும்.

ஸ்மித் பிறந்தது 1954-இல் அலபாமாவின் மொபில் நகரில், வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில். சிறுவயதில் வீட்டு வாசலின் சிமெண்ட் படியில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பாராம். ஒவ்வொரு முறையும் படிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொள்வார், பிடிக்கக் கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே போகும். பரோஸின் பந்தைப் பிடித்த கை அங்கே பழகிய கைதான் என்று நான் நம்புகிறேன். கால் பாலி கல்லூரியில் படித்தபோது 1976-இல், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் டைகர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் கேட்ட முன்பணம் 10,000 டாலர், அவர்கள் தருவதாகச் சொன்னது 8,500. ஒப்பந்தம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு பாட்ரெஸ் நான்காவது சுற்றில் எடுத்துக்கொண்டது, இந்த முறை 5,000 டாலர்தான். வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா என்ற சிறிய ஊர் அணிக்கு 68 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த வசந்தத்தில் நேரே மேஜர் லீக்.

இது அபூர்வம். வழக்கமான பாதை மைனர் லீக் என்னும் ஏணி. சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிகள். கீழே தொடக்கநிலை லீகுகளும் உண்டு. சின்ன ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள், சொற்பச் சம்பளம். 2023-இல் ட்ரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர், அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். ஒரே ஒரு படி ஏறினால் இருபது மடங்கு. மேலே வந்த பிறகும் அணி தருவதை வாங்கிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்று ஆண்டு. பிறகு சம்பளத்தைத் தீர்மானிக்கும் நடுவர் முன் பேரம். ஆறு ஆண்டுப் பணி முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகலாம். ஒரு வீரரின் பெரிய ஒப்பந்தத்தைப் படிக்கும்போது அவருக்கு அப்போது என்ன வயது என்றும் பாருங்கள். இது பின்னால் வேண்டியிருக்கும்.

ஏணியில் ஒரு வீரரை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதற்கு டெரெக் ஜீட்டரின் 1993 சீசனைப் படியுங்கள். 1992-இல் பள்ளி முடித்த கையோடு நியூயார்க் யாங்கீஸ் டிராஃப்டில் ஆறாவது ஆளாக எடுத்த பையன். கிரீன்ஸ்பரோ அணியில் அந்த ஒரு சீசனில் 56 எரர் செய்தார். இவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. யாங்கீஸ் மாற்றவில்லை. சீசன் முடிந்ததும் வாரக்கணக்கில் ஃபீல்டிங் மட்டுமே பழக்கினார்கள். 1996-இல் யாங்கீஸின் நிரந்தர ஷார்ட்ஸ்டாப், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம், உலகத் தொடர் என்னும் மேஜர் லீக் இறுதிக் கோப்பைப் போட்டியில் வெற்றி. 2014-இல் ஓய்வுபெறும்வரை வேறு இடத்தில் ஃபீல்டிங் செய்யவே இல்லை.

மூன்றாவது வழி கரீபியன் கடல் பக்கம். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பிள்ளைகள் 16 வயதிலேயே ஒப்பந்தம் போடலாம். வெனிசுவேலாவுக்கு ஷார்ட்ஸ்டாப் என்பது கிட்டத்தட்டக் குடும்பச் சொத்து. சீக்கோ கராஸ்கெல் விட்ட இடத்தில் லூயிஸ் அபரிசியோ, பிறகு டேவ் கான்செப்சியோன், ஆஸி கியேன், ஓமர் விஸ்கெல் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அபரிசியோ 1984-இல், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார், அந்த நாட்டிலிருந்து முதல் ஆள்.

எரர் கட்டத்தில் ஏமாறாதீர்கள்

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஸ்மித்தின் பக்கத்தைத் திறந்து, கீழே ஃபீல்டிங் அட்டவணைக்கு வாருங்கள். புதியவர்களின் கண் எரர் எண்ணிக்கைக்குத்தான் போகும், குறைவாக இருந்தால் நல்லவர் என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். சாதாரண முயற்சியில் எடுத்திருக்க வேண்டிய பந்தை விட்டார் என்று ஸ்கோரர் கருதினால்தான் எரர். பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவருக்கு எரர் விழாது, அது பேட்டருக்கு ஹிட் ஆகிவிடும், அதாவது அவரே அடித்துப் பேஸைச் சேர்ந்ததாகக் கணக்கு. தூரத்துப் பந்துக்கும் பாய்கிறவர் தொட்டுத் தவறவிட்டால் அவர் கணக்கில் ஏறும் வாய்ப்பு அதிகம்.

1980-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சீசனில் ஸ்மித் செய்த எரர் 24. தனியாகப் பார்த்தால் சுமாரான ஆள் என்று தோன்றும். பக்கத்துக் கட்டத்தில் அசிஸ்ட் 621. பந்தை எடுத்து எறிந்து மற்றொருவர் அவுட் செய்ய வழி செய்தால் அது அசிஸ்ட். ஒரு சீசனில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு செய்ததில்லை. நேரடி அவுட் 288. இரண்டையும் கூட்டி 158 ஆட்டங்களால் வகுத்தால் ஆட்டத்துக்கு 5.75 வருகிறது. இந்தக் கணக்குக்கு ரேஞ்ச் ஃபேக்டர் என்று பெயர். அதே காலத்தில் ஆடிய வேறு ஷார்ட்ஸ்டாப்களின் எண்ணை நீங்களே வகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அந்த ஆண்டு தொடங்கி 1992 வரை 13 முறை தொடர்ந்து, அந்தந்த இடத்தின் சிறந்த ஃபீல்டருக்குத் தரும் கோல்ட் கிளவ் விருது அவருக்குத்தான். மொத்த அசிஸ்ட் 8,375, ஷார்ட்ஸ்டாப்களில் இன்றும் முதலிடம்.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். தரையோடு அடிக்கவைக்கும் பிட்சர்கள் அணியில் நிறைய இருந்தால் ஷார்ட்ஸ்டாப்புக்கு வேலை கூடும், எண்ணும் கூடும். 2016-க்குப் பிந்தைய வீரர்களுக்கு பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ‘அவுட்ஸ் அபவ் ஆவரேஜ்’ என்ற கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டர் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் போக வேண்டியிருந்தது என்று கேமராவால் அளந்து சொல்வது. இன்றைய ஆட்டக்காரர்களுக்கு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, 2023-இலிருந்து இரண்டாவது பேஸின் ஒவ்வொரு பக்கமும் உள்வட்ட ஃபீல்டர்கள் இருவர் நின்றே ஆகவேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அணிகள் ஆட்களை ஒரே பக்கம் குவித்ததால், அந்த ஆண்டுகளின் எண்ணை இன்றைய எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக்கூடாது.

ஜீட்டரைப் பற்றிய நீண்ட சண்டையும் இந்தக் கட்டத்தில்தான். ஐந்து கோல்ட் கிளவ் வாங்கியவர், ஆனால் எட்டிப் பிடித்த பரப்பை அளக்கும் கணக்குகள் அவரைச் சராசரிக்குக் கீழே வைக்கின்றன. என் பார்வையில் அந்தக் கணக்குகள் சொல்வது சரி. அவருடைய பெருமை மட்டையிலும், 2001-இல் ஓக்லாந்துக்கு எதிராக யாரும் எதிர்பாராத இடத்துக்கு ஓடிவந்து பந்தைக் கேட்சருக்குத் தட்டிவிட்டது போன்ற சமயோசிதத்திலும் இருக்கிறது.

மட்டை

ஸ்மித் 1979-இல் அடித்த சராசரி .211, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 211 ஹிட் என்ற கணக்கு. அந்த மட்டைக்கு வேறு எந்த இடத்திலும் வேலை போயிருக்கும். ஷார்ட்ஸ்டாப் என்பதால் தாங்கினார்கள். 1982 தொடக்கத்தில் கார்டினல்ஸ் நன்றாக மட்டை பிடிக்கும் கேரி டெம்பிள்டனைக் கொடுத்துவிட்டு ஸ்மித்தை வாங்கியது. அந்த ஆண்டே உலகத் தொடரை வென்றது.

அவர் மட்டையும் சும்மா இருக்கவில்லை. 1987-இல் வேலியைத் தாண்டி அடிக்கும் ஹோம் ரன் ஒன்றுகூட இல்லாமல் .303 சராசரி, 75 ரன்களை உள்ளே அழைத்துவந்தார், பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி 43 பேஸ் திருடினார், லீகின் சிறந்த வீரர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். சீசனுக்குப் பிந்தைய சுற்றான 1985 பிளேஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், இரு பக்கமும் நின்று அடிக்கும் அவர் இடது கைப் பக்கம் நின்று அடித்து ஆட்டத்தை முடித்தார். இடது பக்கம் நின்று மூவாயிரம் முறைக்கு மேல் மட்டை பிடித்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு வந்த முதல் ஹோம் ரன் அது.

இடம் மாறிய நாள்

நான் முதலில் சொன்ன கேள்விக்கு இப்போது வரலாம். அட்டவணையில் ‘எஸ்எஸ்’ (ஷார்ட்ஸ்டாப்) என்ற எழுத்து எந்த ஆண்டில் ‘3பி’, ‘2பி’, ‘1பி’ (மூன்றாவது, இரண்டாவது, முதல் பேஸ்) என்று மாறுகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். எர்னி பேங்க்ஸ் 1958, 1959 இரண்டிலும் லீகின் சிறந்த வீரர், ஷார்ட்ஸ்டாப்பாக. 1962-இல் முதல் பேஸுக்குப் போய்விட்டார். ராபின் யவுன்ட்டுக்குத் தோள் போனது, 1985-இல் பேஸ்களுக்கு அப்பாலுள்ள புல்வெளியான அவுட்ஃபீல்டுக்கு மாறினார். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2003-இல் ஷார்ட்ஸ்டாப்பாக லீகின் சிறந்த வீரர், அடுத்த ஆண்டு யாங்கீஸுக்கு வந்தபோது அங்கே ஜீட்டர் இருந்ததால் மூன்றாவது பேஸ். 2,632 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடிய ரிப்கனும் 1997-இல் மூன்றாவது பேஸுக்குத் திரும்பினார்.

பெரிய ஒப்பந்தங்களை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியருக்கு 2021-இல் பாட்ரெஸ் 14 ஆண்டுக்கு 34 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது ஷார்ட்ஸ்டாப்பாக. 2023-இல் அவர் அவுட்ஃபீல்டின் வலது பக்கமான ரைட் ஃபீல்டில் நின்றார். மூக்கி பெட்ஸ் போல அவுட்ஃபீல்டிலிருந்து முப்பது வயதைத் தாண்டி ஷார்ட்ஸ்டாப்புக்கு வருவது தலைகீழான அதிசயம்.

ஸ்மித்துக்கு 1985-இல் வலது தோளின் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை. எதிரணி ரன்னர்கள் தெரிந்துகொண்டு துணிந்துவிடக்கூடாது என்று வெளியே சொல்லவும் இல்லை. எடைப் பயிற்சியால் தோளைத் தேற்றிக்கொண்டு, கையில் குறைந்த பலத்தைப் பந்தைச் சீக்கிரம் விடுவதால் ஈடுகட்டினார். அதற்குப் பிறகும் 11 சீசன், ஏழு கோல்ட் கிளவ், ஓர் ஆட்டம்கூட வேறு இடத்தில் ஃபீல்டிங் செய்யவில்லை. 1996-இல் 41 வயதில் விடைபெற்றபோதும் ஷார்ட்ஸ்டாப்தான். 28 ஹோம் ரன் மட்டுமே அடித்த ஒருவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பதினோரு ஆண்டைத்தான்.

நீங்களே ஒரு ஓட்டுப் போட்டுப் பாருங்கள்

ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு கழிந்ததும், பத்து சீசனாவது ஆடியவர்களின் பெயர் ஹால் ஆஃப் ஃபேம் வாக்குச் சீட்டில் வரும். நீண்ட காலம் எழுதிய பேஸ்பால் பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள், 75 சதவீதம் வேண்டும். ஸ்மித் 2002-இல் முதல் முயற்சியிலேயே 91.7 சதவீதத்தில் உள்ளே போனார். ஜீட்டருக்கு 2020-இல் 397 பேரில் 396 பேர் வாக்களித்தார்கள்.

இப்போது டேவ் கான்செப்சியோனின் பக்கத்தைத் திறந்து, மேலே சொன்ன வரிசையிலேயே படியுங்கள். 1970 முதல் 1988 வரை சின்சினாட்டி ரெட்ஸ் ஒரே அணி. 2,326 ஹிட், ஐந்து கோல்ட் கிளவ், 1975, 1976 இரண்டு உலகத் தொடர் வெற்றி. ரிவர்ஃப்ரன்ட் மைதானத்தின் செயற்கைப் புல்லில் பந்து உயரமாக, நேராகக் குதிக்கும் என்று கண்டு, தொலைவிலிருந்து முதல் பேஸுக்கு ஒரே குதியில் போகும்படி வேண்டுமென்றே தரையில் அடித்து எறியும் முறையைப் பரப்பியவர். பதினைந்து முறை சீட்டில் பெயர் இருந்தும் 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ரேஞ்ச் ஃபேக்டரை வகுத்து, ‘எஸ்எஸ்’ மாறிய ஆண்டைக் கண்டுபிடித்து, மட்டையை அந்தக் காலத்து மற்ற ஷார்ட்ஸ்டாப்களோடு மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். என் ஓட்டு அவருக்கு உண்டு.

நேரடியாகப் பார்க்க விரும்பினால் சீசன் மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ தொடங்கும், ஓர் அணிக்கு 162 ஆட்டம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 7 மணி ஆட்டம் என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அதிகாலை நாலரை.